கரமனைச் சுத்த சபையும் கலவைப் பாடமும்

ரசாயன சாஸ்திரம் உலகத்துக்குச் செய்த சேவை பெரிதுதான். ஆனால் ரசாயன சாஸ்திரத்துக்கு எங்கள் ஊரான கரமனை செய்த சேவை அதைவிடப் பெரிது. மேல்நாட்டு மேதைகள் தவறவிட்ட ஒரு பொருளை 1938-ல் நாங்கள் கண்டுபிடித்தோம். ஊரின் மடியும் ஆசாரமும் காக்கும் கரமனைச் சுத்த சம்ரக்ஷண சபையின் காரியதரிசி என்ற முறையில், அந்த வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது.

எங்கள் சபைத் தலைவர் பஞ்சாபகேசய்யர், சர்க்கார் கச்சேரியில் ஹெட் கிளார்க். அவருடைய மகள் சாவித்ரி இண்டர்மீடியட் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம், சபை விஷயமாக நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் கூடத்தில் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படித்தாள். பால் ஒரு கலவை என்றது புத்தகம்.

தலைவர் பதறிவிட்டார். "ஆரு கலந்தா? நம்ம பால்காரனா?"

"ஆரும் கலக்கலை அப்பா. பாலே கலவைதான். தண்ணி, கொழுப்பு, இன்னும் என்னென்னவோ சேர்ந்திருக்கு. எங்க ராகேல் டீச்சர் சொல்லித்தந்தா."

"தேன்?"

"கலவை."

"கங்கா ஜலம்?"

சாவித்ரி தயங்கினாள். "அதிலயும் உப்பெல்லாம் கரைஞ்சிருக்கே அப்பா."

"பின்னே எதுதாண்டி சுத்தம்?"

"சீனி. நன்னா சுத்தி பண்ணின உப்பு. டிஸ்டில்ட் வாட்டர். ஒரே பொருளா இருந்தாத்தான் சுத்தப் பொருள்."

அன்றே சபையின் அவசரக் கூட்டம் கூடியது. பொக்கிஷதாரர் குற்றாலலிங்கம் பிள்ளைக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் பெருங்காய மொத்த வியாபாரம். அவர் கவலையோடு எழுந்து, "அந்தப் பாடத்தில காயத்தைப் பத்தி ஏதாவது வருதா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "அப்பம் தைரியமாக் கண்டிச்சிருவோம்!" என்றார்.

கண்டித்தோம். பாலையும் கங்கையையும் 'கலவை' என்று இழித்துப் பேசும் சாஸ்திரம் திருந்தும்வரை, தலைவரின் மகள் கல்லூரிக்குப் போகக்கூடாது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். சாஸ்திரம் திருந்துவதற்குள் பரீட்சை வந்துவிடுமே என்று சாவித்ரி அழுதாளாம். அழுகை நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் சபை அதைக் கவனிக்கவில்லை.

அவள் தாயார் லலிதாம்பாள் மறுநாள் காலையில் கணவர் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். உள்ளே வெதுவெதுவென்று தண்ணீர்.

"காபி எங்கே?"

"காபி கலவையாக்கும். இது ஆவி பிடிச்சு, மூடியிலேர்ந்து வடிச்ச தண்ணி. சுத்தம்."

சாப்பாட்டு வேளையில் இலையில் ஒரு ஓரம் உப்பு, மறு ஓரம் சீனி. நடுவில் ஒன்றுமில்லை.

"சாதம்?"

"அதிலயும் என்னமோ நிறையச் சேர்ந்திருக்காம்."

"ஒரு கரண்டி அவியலாவது..."

"அவியலா! கலக்கறதுக்குன்னே பண்றதாச்சே அது! சபைத் தலைவர் சாப்பிடலாமோ?"

தலைவர் உப்பைத் தொட்டு, சீனியை நக்கி, கச்சேரிக்குப் போனார். ஓட்டலில் சாப்பிடக்கூடாது என்பது சபை விதி, எழுதியவரே அவர்தான். சாயங்காலம் கண் இருட்டிக்கொண்டு வீடு திரும்பினார். வாசலிலேயே சரணாகதி.

"அவ நாளைக்கே காலேஜுக்குப் போகட்டும்."

"அப்போ சபை?"

"சபை கிடக்கட்டும்! காபியைக் கொண்டா!"

இரண்டு டம்ளர் குடித்தாராம். கலவைகளை உணவில் அனுமதிக்கலாம் என்று சபையும் பெருந்தன்மையோடு திருத்தம் கொண்டுவந்தது.

சாவித்ரி பரீட்சையில் ஜெயித்தாள். ரசாயனத்தில் வகுப்பிலேயே முதல். அன்று சபை தலைவர் வீட்டில் கூடியிருந்தது. அவள் பூரிப்போடு ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து தகப்பனாரிடம் நீட்டினாள்.

"காலேஜ் லேபிலேர்ந்து டீச்சர் தந்தனுப்பினா. டிஸ்டில்ட் வாட்டர். ராஜ்யத்திலேயே இதைவிடச் சுத்தமான தண்ணி கிடையாதாம். குடியுங்கோ அப்பா."

தலைவர் வாயருகே கொண்டுபோனவர், நின்றார். "இதை வடிச்சது ஆரு?"

"லேபில் வேலை பார்க்கற சுவாமிதாஸ்."

புட்டி கீழே இறங்கியது. தலைவர் துண்டை எடுத்துக்கொண்டு தீட்டுக் கழிய ஆற்றுக்குக் குளிக்கப் புறப்பட்டார். சபையும் பின்னாலேயே எழுந்தது; நானும்தான்.

சாவித்ரி எங்களைப் பார்த்துக்கொண்டே அந்தப் புட்டியை எடுத்து, கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தாள். கதவருகில் நின்ற லலிதாம்பாள் தடுக்கவில்லை. நாளைக் காலைக் காபியை நினைத்தோ என்னவோ, தலைவரும் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத தண்ணீரில் நாங்கள் அழுக்கைக் கண்டுபிடித்தது இப்படித்தான். ராகேல் டீச்சருக்கும் செய்தி போயிற்று. லேபில் மிச்சமிருந்த அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சோதித்தும் அந்த அழுக்கு எந்தக் கருவியிலும் படவில்லையாம். கருவிகளைக் குறை சொல்லக்கூடாது. அவை தண்ணீரைத்தானே சோதித்தன, எங்களை அல்லவே!