மூன்று முறை அமுக்கவும்

திருவேங்கடத்தின் வலது கை தோள்பட்டை வரை நண்டு வளைக்குள் இருந்தது. இடது கன்னம் சேற்றில் ஒட்டியிருந்தது. நண்டின் ஓடு விரல் நுனியில் தட்டுப்பட்ட அந்த நேரம் பார்த்து, அவருடைய நெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகப் பேசியது.

"உங்கள் இருப்பிடம் அனுப்பப்பட்டது."

திருவேங்கடம் பதறிப்போய்க் கையை உருவினார். கிடைத்த வாய்ப்பை விடாமல் நண்டு இன்னும் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. சுற்றிலும் பார்த்தார். கண்டல் செடிகளும் இரண்டு கொக்குகளும் தவிர யாரும் இல்லை. அப்புறம்தான் கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்த புதுப் போனின் ஞாபகம் வந்தது.

உலகத்தில் அவர் கேட்க விரும்பாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இருப்பிடம்தான்.

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் தொழில் செய்வது என்பதை அவர்கள் ஊரில் கூட்டம் போட்டுத்தான் பிரிப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புயலில் திருவேங்கடத்தின் படகு இரண்டாகப் பிளந்தது. கூட்டத்தில் நாலு பேர், "எங்க படகுல ஒரு ஆளா வந்துடு" என்று கூப்பிட்டார்கள். "ஊரு தயவுல நான் கஞ்சி குடிக்க மாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தவர், அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. கையால் நண்டு பிடிக்க ஆரம்பித்தார். பத்து நாள் அலைந்து இந்த ஓடையைக் கண்டுபிடித்தார். வளைக்கு ஒரு நண்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிது. இந்த ஓடை ஒன்றுதான் யாரும் கொடுக்காமல் அவருக்குக் கிடைத்தது. அதனால்தான் அதைக் கட்டிக் காத்தார்.

காத்தார் என்றால் சாதாரணக் காவல் இல்லை. காலையில் தோணிரேவுப் பக்கம் போவதுபோல் நடப்பார். பாதி வழியில் செடிக்குள் உட்கார்ந்து பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்ப்பார். கடைசி நூறு அடியைப் பின்பக்கமாகவே நடந்து கடப்பார். யாராவது கால்தடத்தைப் பார்த்தால் ஆள் உள்ளே போகவில்லை, வெளியே வந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டும். ஒரு முறை படகு ஒன்று நேராக ஓடையை நோக்கி வந்து, வாயிலிலேயே திரும்பிப் போனது. குனிந்திருந்த தன்னைக் கொக்கு என்று நினைத்திருப்பார்கள் என்று அன்றைக்கு முழுக்க அவருக்கு ஒரே பெருமை.

மனைவி பச்சையம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. போன வாரம் அவள் ஒரு முடிவோடு நின்றாள்.

"எங்கனா சேத்துல மாட்டிக்கினா நான் எந்தப் பக்கம்யா போய்த் தேடறது?"

"நான் ஏன் மாட்டிக்கப் போறேன்?"

"எடத்தைச் சொல்லு. இல்லாட்டி ஒரு போனை எடுத்துக்கினு போ. ரெண்டும் முடியாதுன்னா சோறு நீயே பொங்கிக்க."

திருவேங்கடம் போனைத் தேர்ந்தெடுத்தார்.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு அருகில் போன் கடை வைத்திருக்கும் நந்தினிதான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தாள்.

"ஈரக் கையால கண்ணாடியைத் தொட்டா அது உங்களைக் கண்டுக்காதுண்ணா. கவர் வேற போட்டிருக்கு. நீங்க பட்டனைத்தான் நம்பணும். ஆபத்துன்னா சத்தம் குறைக்கிற பட்டனை மூணு தபா அமுக்குங்க. நீங்க கீற எடம் தானா போயிடும்."

"யாருக்கு?"

"வீட்டம்மாவுக்குத்தான். ஆனா ஒன்னுண்ணா. பட்டன் ஒன்னுதான், ஆப்பு மாறுனா அதோட வேலையும் மாறிடும். பாட்டுல இருந்தா சத்தம் குறையும். கேமராவுல இருந்தா போட்டோ எடுக்கும்; ஆபத்து நேரம்னா அதுவும் தானா போயிடும். எதுல கீறோம்னு பார்த்துட்டு அமுக்கணும்."

"இது எனக்குத் தெரியாதா?" என்றார் திருவேங்கடம். அவருக்குத் தெரியாது.

நண்டு பிடிக்கிறவன் சேற்றில் குப்புறப் படுப்பான் என்பது நந்தினிக்கும் தெரியாது. படுத்து, கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் நீட்டி, மூச்சை இழுத்து மறுபடி நீட்டும்போது, நெஞ்சு தானாகவே மூன்று முறை அமுக்கிவிடுகிறது.

உறையின் மேலிருந்த சேற்றை எச்சில் துப்பித் துடைத்து, திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'ஊர்ப் படகுக் குழு. திருவேங்கடம் ஆபத்தில் இருக்கிறார். இருப்பிடம் ஒரு மணி நேரத்துக்குத் தொடர்ந்து பகிரப்படும்.'

பச்சையம்மாவுக்கு இல்லை. ஊருக்கு. நூற்று நாற்பது பேர் இருக்கிற குழுவுக்கு.

கண்ணாடியை அமுக்கினார், தேய்த்தார், நகத்தால் சுரண்டினார். நந்தினி சொன்ன மாதிரியே அது அவரைக் கண்டுகொள்ளவில்லை. விரலைத் துடைக்க உலர்ந்த துணி தேடினார். வேட்டி சேறு, துண்டு சேறு. தலைமுடியில் துடைத்தார். தலையும் சேறானது.

சரி, அணைத்துவிடலாம் என்று ஓரத்தில் இருந்த பொத்தானை இரண்டு முறை படபடவென்று அமுக்கினார். போன் அணையவில்லை. கேமரா திறந்துகொண்டது. அதற்குள் குழுவில் பதில்கள் டிங் டிங் என்று விழ ஆரம்பித்தன. அமைதியான ஏரியில் அந்தச் சத்தம் பொன்னேரி வரை கேட்கும்போல் இருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சத்தம் குறைக்கும் பொத்தானைத்தானே அமுக்க வேண்டும்? அமுக்கினார்.

டிக். டிக். டிக்.

"படம் அனுப்பப்பட்டது" என்றது பெண் குரல். "படம் அனுப்பப்பட்டது. படம் அனுப்பப்பட்டது."

முதல் படத்தில் ஓடையின் வாய். இரண்டாவதில் வரிசையாக வளைகள். மூன்றாவதில் பறிக்கூடை நிறைய நண்டு. ஒரு ஆளை வரச்சொல்லி வழி காட்டினால்கூட இவ்வளவு விவரமாகக் காட்ட முடியாது.

"அடிப்பாவி, வாயை மூடு" என்று திருவேங்கடம் போனைக் கெஞ்சினார்.

போன் அடித்தது. ஊர்த் தலைவர் செங்கல்வராயன். எடுத்து, "ஒன்னும் இல்ல, கை பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் எடுப்பதற்குக் கண்ணாடியைத் தள்ள வேண்டும். கண்ணாடி தள்ள விடவில்லை. ஓரப் பொத்தானை அமுக்கினார். கட்டானது. மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி கட்டானது.

குழுவில் செங்கல்வராயன் எழுதினார்: 'போனை எடுக்க முடியாம கட் பண்றான். நிலைமை மோசம். படகை எடுங்க.'

திருவேங்கடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடம் பின்பக்கமாக நடந்தது எல்லாம் வீண். நாளைக் காலையில் ஊரே கையில் பறியோடு இங்கே வந்து நிற்கும். அப்புறம் யார் படகிலாவது தலையைக் குனிந்துகொண்டு ஏற வேண்டியதுதான். அதை நினைக்கவே அவருக்குக் கூசியது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. போன் எங்கே இருக்கிறதோ அதுதானே இடம்? போனைத் தூக்கிக்கொண்டு வேறு எங்காவது போய்விட்டால், இடமும் கூடவே வந்துவிடுமே! படத்தைப் பற்றிக் கேட்டால் எல்லா ஓடையும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சாதித்துவிடலாம். தன் மூளையை நினைத்து அந்த நிலைமையிலும் அவர் கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

ஒரு கையில் பறி, ஒரு கையில் ஊன்றுகோல். போன் கழுத்திலேயே தொங்கினால் ஓடும்போது நெஞ்சில் மோதி இன்னும் எதையாவது அனுப்பித் தொலைக்கும். ஏரியில் கையால் பிடிக்கிறவர்கள் கை இரண்டும் வேலையாக இருக்கும்போது பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் திருவேங்கடம் போனைப் பல்லால் கவ்விக்கொண்டு ஓடினார்.

சத்தம் கூட்டும் பொத்தான் சரியாகக் கடைவாய்ப் பல்லுக்கு நேராக இருந்தது. அதை விடாமல் அமுக்கினால் குரல் பதிவாகி அதுவும் போய்ச் சேரும் என்று நந்தினி சொன்னபோதும் அவர், "எனக்குத் தெரியாதா?" என்றுதான் சொல்லியிருந்தார்.

முழங்கால் சேற்றில் ஓடும் மனிதன் மூக்கால் என்ன சத்தம் போடுவானோ அத்தனையும் பதிவானது. ம்ம்ம், ஹ்ம்ம், ஊம்ம். நடுவில் ஒரு முறை தடுக்கி விழுந்த 'தொபுக்'. மூச்சு வாங்க நின்று போனைப் பல்லிலிருந்து எடுத்ததும் நாற்பது நொடி நீளத்துக்கு அந்தப் பதிவு குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

'ஐயோ, தண்ணி குடிக்கிறான்' என்று யாரோ எழுதினார்கள்.

'புள்ளி நகருது. தண்ணி ஆளை இழுத்துக்கினு போவுது.'

'எம்மாம் வேகமா போவுது பாரு.'

வேகம் என்று ஊர் சொன்னது திருவேங்கடத்துக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. இன்னும் வேகமாக ஓடினார். இரண்டு மணல் திட்டு தாண்டி, குச்சி நட்டு வலை கட்டியிருக்கும் திறந்த வெளிக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. ஓடையிலிருந்து நல்ல தூரம். முகத்தைக் கழுவி, துண்டைப் பிழிந்து கட்டிக்கொண்டு, வெகுநேரமாக அங்கேயே நிற்பவர்போல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

படகு வந்தது. முன்னால் செங்கல்வராயன் கயிற்றோடும் லாரி டயரோடும் நின்றார். நடுவில் பச்சையம்மா மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கருப்பன் என்ஜினைப் பிடித்திருந்தார். அந்தக் கிழவர் வாயைத் திறந்து பேசி ஊரில் பலர் கேட்டதே இல்லை.

"யோவ்! உசுரோட கீறியா?" பச்சையம்மா படகிலிருந்து பாதி தொங்கினாள்.

"எனக்கு இன்னா? சும்மா நண்டு புடிச்சுக்கினு கீறேன். போன் இன்னாத்துக்கு ஊருக்குப் போச்சு?"

"என் பழைய போன்ல படம் வராதாம். அதான் அப்பால நந்தினி குழுவுல போட்டு வுட்டுச்சு. நாசமாப் போவ, அந்தச் சத்தத்தைக் கேட்டு என் உசுரே போச்சு." அவள் அழுதுகொண்டே கையில் கிடைத்த டயரை எடுத்து அவர்மேல் வீசினாள்.

"சரி சரி, உசுரோட இருந்தா போதும். ஏறுடா" என்றார் செங்கல்வராயன்.

திருவேங்கடம் ஏறவில்லை. முதலில் காரியம் முடிய வேண்டும்.

"தலைவரே, போட்டோ எதுனா வந்துச்சா?"

"வந்துச்சு. ஒன்னும் புரியல. ஒரே சேறு" என்றார் செங்கல்வராயன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"அது இதே எடம்தான். இங்கதான் எடுத்தேன்."

"அப்டியா? இருக்கும், இருக்கும்."

"மூணு வருசமா நான் நண்டு புடிக்கிற எடம் இதான் தலைவரே. தெரிஞ்சுபோச்சு இல்ல? இனிமே யாருனா வந்தா வரட்டும். எனக்கு ஒன்னும் இல்ல."

"யாரும் வரமாட்டாங்க" என்றாள் பச்சையம்மா அவசரமாக. "நீ ஏறுய்யா மொதல்ல."

திருவேங்கடத்துக்கு நெஞ்சு நிறைந்தது. நம்பிவிட்டார்கள். ஓடை பிழைத்தது. ஊர் தயவு இல்லாமல் வாழ்கிற மனிதனுக்கே உரிய கம்பீரத்தோடு பறியை மேலே கொடுத்துவிட்டு, அவர் படகின் விளிம்பைப் பிடித்தார்.

கருப்பன் என்ஜினை நிறுத்தினார். குச்சிகளையும் கட்டியிருந்த வலையையும் ஒரு முறை பார்த்தார். பிறகு திருவேங்கடத்தைப் பார்த்தார்.

"ஏண்டா, நீ கண்டுபுடிச்ச அன்னிக்கே கூட்டத்துல உனக்குனு ஒதுக்கி வுட்ட ஓடை அங்க இருக்க, அடுத்தவன் எடத்துல வந்து இன்னாடா பண்ற?"