மூன்று வகைத் தூக்கம்

தசராவுக்கு நாலு நாள் இருக்கும்போது என் மனைவி சொர்ணலதா கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். சும்மா கிடக்கிற பெட்டிக்கு எதற்குக் கரண்ட் என்பது அவள் கட்சி. பெட்டி சும்மா கிடக்கவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. இலாகா பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி அதில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். ஜெயிக்கப் போகிற ஆட்டம் போயிற்று. ஆட்டம்கூடப் பெரிதில்லை. ஜம்பு சவாரி என்கிற தசரா யானை ஊர்வலத்தைப் பார்க்க ஹனூரிலிருந்து மச்சான் கருப்புசாமி ஒன்பது பேரோடு வருவான். போன வருஷம் அவன் மகள் அஷ்வினியை நாலு மணி நேரம் தோளில் சுமந்து யானையையும் அம்பாரியையும் காட்டியவன் நான். கழுத்து திரும்பப் பொங்கல் ஆயிற்று. இந்த வருஷம் படிப்பைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடத் திட்டம்; என்னைக் காப்பாற்ற அந்தப் பரீட்சையை விட்டால் ஆளில்லை.

இனி பிளக் பக்கம் அவள் கை போகக் கூடாது. பாடம் நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன். தாளில் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன்.

"பார் சொர்ணா, இதுக்கு மூணு வகைத் தூக்கம். ஒண்ணு, திரை மட்டும் அணையறது. சும்மா கண்ணை மூடிக்கிறது. ரெண்டு, ஸ்டாண்ட்பை. கோழித் தூக்கம். கரண்ட் கொஞ்சந்தான் தின்னும். மூணு, ஷட்டவுன். நிஜத் தூக்கம்."

"ஏனுங்க, ஆபீஸ்ல நீங்க தூங்கறது இதுல எத்தனாவதுங்க?"

"பாடத்தைக் கவனி."

"சரிங்க. கோழித் தூக்கத்துல இருந்து எப்படி எழுப்பறதுங்க?"

"மவுசை லேசா அசைச்சாப் போதும். விட்ட இடத்துலயே முழிச்சுக்கும்."

"விட்ட இடத்துலயேங்களா?"

"அதே இடத்துல," என்றேன் பெருமையாக. வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

அதன்பின் அவள் காலடி கேட்டதும் ஸ்டாண்ட்பை. திரை கறுத்துவிடும். அவளும் பிளக்கைத் தொடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், கிரைண்டர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை. முதல் நாள் ஆட்டம் பாதியில் இருந்ததால் ஷட்டவுன் செய்ய மனசு வரவில்லை. கோழித் தூக்கத்திலேயே விட்டிருந்தேன்.

ஹனூர்ப் படை கூடிவிட்டது. பக்கத்து வீட்டு கௌரம்மாவும் வந்தார். நான் கற்பூரத் தட்டோடு நின்றேன். சொர்ணலதா மவுசுக்கு அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

திரை விழித்தது. திரை முழுக்கச் சீட்டு.

"ஏன்ரீ இது? இஸ்பீட்டா?" என்று கௌரம்மா கன்னடத்தில் கேட்டார், சீட்டாட்டமா என்று.

"பரீட்சைக்கு... புதுப் பாடம்..." என்று இழுத்தேன்.

சொர்ணலதா நிதானமாகத் திரையைப் பார்த்தாள். "அந்தக் கறுப்பு ஒன்பதைத் தூக்கிச் சிவப்புப் பத்து மேல வையுங்க. நேத்தே சொல்லோணும்னு இருந்தேன்."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"நீங்க ஆபீஸ் போனதும் மவுசை லேசா அசைப்பேனுங்க. விட்ட இடத்துலயே முழிச்சுக்குது."

மறுநாள் யானை ஊர்வலம் போகிற சயாஜிராவ் ரோடு. கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. அஷ்வினி ஒரு வருஷத்தில் நன்றாகவே வளர்ந்திருந்தாள். அவள் கால்களுக்கு நடுவே தலையை நீட்டி மனைவியிடம் கேட்டேன். "பொட்டு வைக்கறப்ப மவுஸ் தெரியாமத்தானே அசைஞ்சுது?"

"மத்ததுக்கெல்லாம் காலையிலயே வெச்சுட்டேனுங்க," என்றாள் யானையைப் பார்த்தபடி. "மவுசுக்கு மட்டும் கௌரம்மா வரட்டும்னு இருந்தேன்."