கழுகுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

கைக்காசுக்கு அடங்கிய கார்டு பெட்டிக்குள் அடங்கவில்லை. பெட்டிக்குள் அடங்கிய கார்டு கைக்காசுக்கு அடங்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தரையில் மண்டியிட்டு, கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி அளக்கும் ஸ்கேலால் கம்ப்யூட்டரின் வயிற்றை மூன்றாம் முறையாக அளந்தார்.

"இருக்கிற கார்டுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் மனைவி.

"இந்த ஓட்டைக் கார்டை வச்சே நான் கழுகு. நல்லது ஒண்ணு போட்டா என்ன ஆவேன், யோசிச்சுப் பாரு."

கழுகு என்பது அவருக்குக் கம்ப்யூட்டர் கேமில் கிடைத்த பட்டம். ஞாயிறு மதியமானால் கடைக்காரர்கள் அணிக்கும் மாடியிலுள்ள பல் மருத்துவமனை அணிக்கும் துப்பாக்கிச் சண்டை. கடை அணிக்கு அவர்தான் கேப்டன். இரண்டு வருடமாகக் கோப்பை அவர் கடை ஷோகேஸில் ஃப்ரேம்களுக்கு நடுவே நிற்கிறது. இந்த ஞாயிறு இந்த வருடத்துக் கோப்பை ஆட்டம். அதிலும் ஜெயித்தால் நிரந்தரமாக அங்கேயே நிற்கும்.

"எங்க பதுங்கினாலும் எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?" என்று பல் டாக்டர் ஹெட்போனில் புலம்புவார்.

"ஏன் டாக்டர், மொட்டைத் தரையில வந்து படுத்தா சுடாம என்ன பண்றது?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து டாக்டர் வாயை மூடிக்கொள்வார்.

கடைசியில் போன வருடத்து மாடல் ஒன்று, ஒற்றை விசிறியோடு, கைக்காசுக்கும் பெட்டிக்கும் சேர்ந்தாற்போல் அடங்கியது. டார்ச் பிடிக்க வந்த மைத்துனி, கழற்றிய பழைய கார்டைத் தூசி தட்டிப் பார்த்தாள். அவள் அந்தப் பல் மருத்துவமனையில்தான் வரவேற்பாளர்.

"இதை நான் எடுத்துக்கட்டுமா மாமா? எங்க டீம்ல ஒரு ஆள் குறையுதாம். டாக்டர் என்னை வரச் சொல்றார்."

"தாராளமா எடுத்துக்கோ. பாவம், அது சக்திக்கு மீறி எதையும் வரையாது. மரம்னா குச்சி, தரைன்னா சிமெண்ட் பூசின மாதிரி. பழகிக்கிற உனக்கு அது போதும்."

புதிய கார்டு உயிர் பெற்றதும் அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார். மரத்துக்கு இலை இருந்தது. இலைக்கு நரம்பு இருந்தது. ஓடைத் தண்ணீரில் மேகம் மிதந்தது, கரையெங்கும் புல் காற்றுக்குத் தலையாட்டியது. இத்தனை நாளும் இந்த உலகத்தின் எலும்புக்கூட்டிலா உலாவினோம் என்று அவருக்குத் தோன்றியது.

"அழகாத்தான் இருக்கு. சுட வேண்டிய ஆளு எங்க?" என்றாள் மனைவி.

அதற்குள் அவர் செத்திருந்தார்.

சனிக்கிழமைப் பயிற்சியில் ஒன்பது முறை செத்தார், யார் சுட்டார்கள் என்று தெரியாமலே. படத்தரம் போதவில்லை என்று முடிவுகட்டி ஒரு படி ஏற்றினார். பதினொரு முறை செத்தார். இன்னொரு படி ஏற்றினார்.

அணியிலிருந்த தையல்காரர் போன் செய்தார். "கேப்டன், உங்க பின்னாடி நின்னா பாதுகாப்புன்னு நெனச்சேன். உங்களுக்கு முன்னாடி நான் சாகறேன், இல்லன்னா எனக்கு முன்னாடி நீங்க."

"செட்டிங் ஏத்திட்டு இருக்கேன். நாளைக்குப் பாருங்க."

சந்தேகத்துக்குத் தன் கடையிலேயே தன் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டார். கடைசி வரியின் கடைசி எழுத்துவரை தெரிந்தது. இருந்தாலும் புதுக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டார்.

ஞாயிறு மதியம் படத்தரத்தை உச்சத்துக்கே கொண்டுபோனார். விசிறி அலறியது. புல் இடுப்பளவு எழுந்து நின்றது, ஒவ்வொரு நுனியிலும் ஒரு பனித்துளி. அந்த அழகுக்கு நடுவே அணியினர் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். தையல்காரர் போகும்போது, "கோப்பை உங்க கையில, கேப்டன்" என்றார்.

எதிரணியிலும் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். மைத்துனி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவசரப்படவில்லை. மைதானத்திலேயே அடர்ந்த புல்லாகப் பார்த்து நடுவில் போய்ப் படுத்தார். ஒரு புல்கூட அசையவில்லை. கழுகுக்குப் பார்க்க மட்டுமல்ல, மறையவும் தெரியும். அவள் தேடித் தேடிக் களைத்து வரட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு, ஷோகேஸில் கோப்பைக்கு விளக்குப் போடலாமா என்று யோசித்தார்.

ஒரே ஒரு குண்டு. திரை சிவந்தது.

ஹெட்போனில் மைத்துனியின் குரல் உண்மையான கவலையோடு கேட்டது.

"ஏன் மாமா, இப்படி மொட்டைத் தரையில வந்து படுத்தீங்க?"