மச்சானுக்கு ஐந்து நட்சத்திரம்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான்: பாட்டுக்கு நட்சத்திரம் போடுவது. பாட்டை வெறும் காதால் கேட்டுக்கொண்டிருந்த காட்டுமிராண்டிக் காலம் மலையேறிவிட்டது. இப்போது எங்கள் கூடத்துக் கணினியில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே மதிப்பீடு, கேட்ட எண்ணிக்கை, கடைசியாகக் கேட்ட நாள் என்று கட்டங்கள் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் தற்சமயம் அக்கட்டங்களின் தலைமை நிர்வாகி.

என் நிர்வாகத்திலும் ஒரு நெருக்கடி வந்தது. மனைவியின் அண்ணன் பல் டாக்டர். வாழ்நாளெல்லாம் பிறர் வாயைத் திறக்கச் சொன்னவர், ஓய்வு பெற்றதும் தன் வாயைத் திறந்து எட்டுப் பாட்டுகளைப் பதிவுசெய்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறாராம்.

"ஏங்க, அண்ணன் பாட்டுக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

"கேட்ட எண்ணிக்கை பூஜ்யம். கடைசியா கேட்ட நாள்னு ஒண்ணு இல்லவே இல்லை."

"ஐயோ! அவர் குடுத்த கடிகாரம் பரண்ல கிடந்ததைப் பாத்துட்டு ஒரு வருஷம் எங்கிட்ட பேசல. இதைப் பாத்தார்னா ஜென்மத்துக்கும் பேசமாட்டார்!"

"ஒரு தடவை போட்டுக் கேட்டுடலாமா?"

"வேற வழியே இல்லையா?"

இல்லாமலா? நானும் அவளும் அடங்கிய உயர்மட்டக் குழு உடனே கூடி, 'ஒலியில்லாச் செவிமடுப்புத் திட்டம்' ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, எட்டுப் பாட்டையும் இராப்பகலாக ஓடவிட்டோம். கணினி கடமை தவறாமல் எண்ணியது. மனிதனாக இருந்தால் நடுவில் எழுந்து ஓடியிருப்பான். நான் நட்சத்திரங்களுக்குத் தங்க நிறம் பூசினேன். கண்ணாடி போடாமலே தெரியும்படி எண்களைப் பருமனாக்கினேன். 'முதன்முதலில் கேட்ட நாள்' என்ற கட்டத்தை நிர்வாக நலன் கருதி மறைத்தேன்.

மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பார்வை திரைக்குப் போய்விட்டது.

"மாப்பிள்ளை... இருநூறு தடவைக்கு மேலயா?"

"ஏதோ, நேரம் கிடைக்கிறப்போ."

"எல்லாத்துக்கும் அஞ்சு நட்சத்திரமா?"

"ஆறு போட அதுல வசதி இல்லை, மச்சான்."

அவர் கண் கலங்கியது. ஆனந்தம்தான், வேறென்ன?

"மூணாவது பாட்டுல குரலை மேல தூக்கி அப்படியே நிறுத்தினேனே, அது எப்படி?"

"உடம்பே சிலிர்த்துப்போச்சு!"

"நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னு கேப்பேன், அண்ணே" என்றாள் மனைவி, தன் பங்குக்கு.

மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதைக் குடுக்கத்தான் வந்தேன். அன்னிக்கு மைக்கை ஆன் பண்ண மறந்துட்டேன்மா. உங்களுக்கு வந்த எட்டுலயும் ஒரு சத்தமும் கிடையாது. 'என்னண்ணே, ஒண்ணும் கேக்கலையே'ன்னு நீயாவது போன் பண்ணுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

உயர்மட்டக் குழு தரையைப் பார்த்தது.

மச்சான் குனிந்து, ஸ்பீக்கர் வயரைத் தேடி எடுத்து, தானே சொருகினார்.

"பாடாததுக்கு அஞ்சு குடுத்திருக்கீங்க, மாப்பிள்ளை. பாடினதைக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்."