சாமி ஏறும் கார்

மூன்றாவது வட்டச் சந்தியில் பன்றி புரண்டது.

இரத்தினம் காரை ஓரங்கட்டிப் பின்கதவைத் திறந்தார். நான்கு குப்பைப் பைகள், போன வாரத்துத் தமிழ்ப் பத்திரிகை இரண்டு, பழைய போர்வை ஒன்று என்று அவர் பக்குவமாகச் சுற்றிவைத்த காட்டுப்பன்றி, சுற்றியதையெல்லாம் உதறிவிட்டு விரிப்பில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தது. விரிப்பு சாம்பல் நிறம். அன்று காலை வரைக்கும் சாம்பல் நிறம்.

சொந்தக் கார் என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பார். இது மனைவி கலாவதியின் தமையன் சேந்தனுடையது. நான்கு சக்கரமும் இழுக்கிற நீளமான குடும்பக் கார். தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மளிகைக்கடை வைத்திருக்கும் சேந்தன் கோயில் சபைத் தலைவரும்கூட. கந்தசட்டி ஆறாம் நாள் சூரன்போருக்கு, புறநகரான லா கூர்னெவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்துக்கு முருகன் போவது இந்தக் காரில்தான். ஒன்பது வருடம் அன்னதானத்தில் அண்டா கழுவிய இரத்தினத்துக்கு இந்த வருடம்தான் சாமியை ஏற்றிப்போகும் பொறுப்புக் கிடைத்திருந்தது. வாழைமரம் ஏற்றுவதற்காக இரண்டு நாள் முன்பே சாவியைக் கொடுத்த சேந்தன், ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இந்தக் காருக்குள்ளை இதுவரைக்கும் ஒரு முட்டைக்கோது வந்ததில்லை. கவனம்."

இன்று ஐந்தாம் நாள். நாளை சாமி ஏற வேண்டிய இடத்தில் பன்றி ஏறியிருந்தது.

எல்லாம் முதலாளி அர்னோவால் வந்த வினை. இரத்தினம் சமையல் வேலை செய்யும் உணவகத்தின் சொந்தக்காரர், ஞாயிறு தவறாத வேட்டைக்காரர். சுட்ட பன்றியோடு காட்டோரத்தில் தன் வான் வண்டி பழுதாகி நின்றதும் இரத்தினத்தைக் கூப்பிட்டார். கார் சாமி காரியத்துக்குரியது என்று இரத்தினம் இழுத்துப் பார்த்தார். யாருடைய கார் என்று அர்னோ கேட்டார். சேந்தனுடையது என்றதும், அப்படியானால் ஒரு பிரச்சினையும் இல்லை, உடனே வா என்று போனை வைத்துவிட்டார். அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே சேந்தன்தான். விரதத்துக்கு ஆறு நாள் லீவு தந்தவர் அர்னோ. இருவருக்கும் நடுவில் நின்று இல்லை என்று சொல்ல இரத்தினத்துக்கு வாய் வரவில்லை. அவருக்கு எப்போதுமே வராது.

காரின் பின்பக்கத்தில் கரை உயர்ந்த கறுப்பு ரப்பர்த் தட்டு ஒன்று அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. அபிஷேகப் பால் சிந்தாமல் இருக்க என்று சேந்தன் சொல்லியிருந்தார். அர்னோ பன்றியைத் தூக்கி அதற்குள் வைக்கப் போனார். பால் இருக்கிற இடத்தில் பன்றியா? இரத்தினம் பதறித் தடுத்து, தட்டைக் கழற்றி, துடைத்து, அர்னோவின் வானுக்குள் பத்திரமாக வைத்தார். அர்னோ அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பன்றியின் பின்னங்கால்களைப் பிடித்தார்.

அந்தப் பக்தியின் பலன்தான் இப்போது விரிப்பில் ஊறிக்கொண்டிருந்தது. தட்டு இன்னும் வானுக்குள்ளேயே கிடக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பன்றியை உணவகத்தில் இறக்கிவிட்டு தான் குடியிருக்கும் லெ பிளாங்-மெனிலுக்கு வந்தவர், காரை வீட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் பாலும் பழமும் சாப்பிட்டுப் படுத்தார்.

ஆறாம் நாள் காலை கலாவதி குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு வாளி சுடுதண்ணீரை விரிப்பில் ஊற்றினார். இரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது என்பது பதினைந்து வருடம் சமையலறையில் நின்றவருக்குத் தெரியாததல்ல. பயத்தில் மறந்துபோனது. கறை வெந்து, விரிப்போடு ஒட்டிக்கொண்டது. சலவைத்தூளை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். ஓரளவு மங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அழுக்குப் போனால் போதுமா, தீட்டுப் போக வேண்டாமா? மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்து தெளித்தார்.

சவர்க்காரத்தில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும் என்பது உடுப்புத் தோய்க்கிற எவருக்கும் தெரியும். இரத்தினத்தின் வீட்டில் தோய்ப்பது கலாவதி. கண்முன்னாலேயே விரிப்பு முழுவதும் ஆரத்தித் தண்ணீராகச் சிவந்தது. ஒரு சாண் கறை இரண்டு முழமாயிற்று.

வாசமாவது போகட்டும் என்று சாம்பிராணி போட்டார். தட்டத்திலிருந்து தணல் ஒன்று துள்ளி, பின்சீற்றில் காசளவு ஓட்டை போட்டது. அதை ஊதி அணைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஈரத்தலையோடு கலாவதி நின்றாள்.

புகை. சிவப்புத் தண்ணீர். கையில் வாளியோடு புருசன்.

"இஞ்சேருங்கோ, ஆரை வெட்டினனீங்கள்?"

இரத்தினம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. அவருடைய முழங்கால் வலி தீர வேண்டுமென்று ஆறு நாளாக மிளகும் தண்ணீருமாகக் கிடந்தவள், உள்ளே போய், இருபத்திரண்டு வருடம் பெட்டிக்குள் வைத்திருந்த கூறைச்சேலையை எடுத்துவந்து விரிப்பின்மேல் விரித்தாள்.

"கூறை சிவப்புத்தானே. ஊறினாலும் தெரியாது. சாமியை வைச்சு நீங்கள் கார் ஓடவேணும் எண்டு எவ்வளவு ஆசைப்பட்டனீங்கள்."

இரத்தினத்துக்கு வெட்கத்தில் காது சுட்டது. முழங்கால் வலியை அவர் மறந்தே போனார். விரதத்துக்குப் பலன் இல்லை என்று சொல்ல முடியாது.

பிற்பகல் மூன்று மணிக்குக் கோயில் வாசலில் மேளம் முழங்கியது. சபையார் பட்டு வேட்டியும் குளிர்ச்சட்டையுமாகக் கூடி நின்றார்கள். முருகனைத் தோளில் சுமந்துகொண்டு நான்கு பேர் வெளியே வந்தார்கள். சேந்தன் நெற்றி நிறைய விபூதியோடு கார்க்கதவைத் திறந்து, கூறைச்சேலையைக் கண்டு, தங்கச்சியின் பக்தியே பக்தி என்று எல்லோருக்கும் கேட்கும்படி மெச்சினார்.

கலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் இரத்தினத்தால் தாங்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மனைவியின் கூறைக்குள் பன்றியை மறைக்க முடியாது. கைகளைக் கூப்பிக்கொண்டு காருக்குக் குறுக்கே போய் நின்றார்.

"மச்சான், சாமியை ஏத்தாதேங்கோ. நேற்று நான் இதுக்குள்ளை பண்டி ஏத்தினனான்."

மேளம் நின்றது. சேந்தன் கார்க்கதவிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். பிறகு தொடங்கினார். கால் மணி நேரம் சுத்தம் பற்றியும் நம்பிக்கை பற்றியும், தராதரம் அறியாமல் பொறுப்புக் கொடுத்த தன் பிழை பற்றியும் பேசினார். சாவியைத் திருப்பி வாங்கினார். இனிமேல் இரத்தினம் அண்டாப் பக்கம் நின்றால் போதும் என்றார். சபையார் தலையை ஆட்டினார்கள். இரத்தினம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். ஐம்பத்தொரு வயதில் அப்படி நிற்பது சின்ன வெட்கமில்லை. கலாவதி மட்டும் வந்து பக்கத்தில் நின்றாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேட்டைச் சப்பாத்துடன் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அர்னோ. அவருடைய கக்கத்தில் கறுப்பு ரப்பர்த் தட்டு இருந்தது. தன்னைத் தேடித்தான் வருகிறார் என்று இரத்தினம் கையைப் பாதி நீட்டினார். அர்னோ அவரைத் தாண்டி நேரே சேந்தனிடம் போய், தட்டைக் கையில் கொடுத்து, அங்கே நின்ற எல்லோருக்கும் நன்றாக விளங்குகிற பிரெஞ்சில் உரத்துச் சொன்னார்.

"மன்னிக்க வேண்டும் சேந்தன், இந்த மனிதர் பன்றியைத் தட்டில்லாமலே ஏற்றிக்கொண்டு போய்விட்டார், உங்கள் பங்குப் பின்னந்தொடை வழக்கம்போலக் குளிர்பெட்டியில் இருக்கிறது, நாளைக்கு விரதம் முடிந்ததும் வந்து எடுங்கள்."