கவ்வாத்து அண்ணனும் பிளாக்பெரிப் பழமும்

முழங்காலுக்கு மேலே எது வளர்ந்தாலும் அது தனக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கவ்வாத்து அண்ணன்தான். இலங்கை மலையகத்தில் கந்தப்பளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் காலமெல்லாம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டியவர். செடியை ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டால் புதுக்கொழுந்து பொங்கி வரும். அவருக்குத் தெரிந்த விவசாயம், வைத்தியம், வேதாந்தம் எல்லாம் அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் கத்தி ஓயவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடு என்னுடையது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் என் செம்பருத்தி வேலி மொட்டையாக நிற்கிறது.

"என்னண்ணே இது அநியாயம்?"

"கவ்வாத்து போட்டிருக்கேன் டீச்சர். கொஞ்சம் பொறுங்க, கொழுந்து அள்ளிக்கிட்டு வரும்."

"செம்பருத்தியில கொழுந்து எதுக்குண்ணே? நான் பூவுக்குல்ல வச்சேன்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

ஒரு கல்யாணத்தில் வாசலில் கட்டிய இரண்டு வாழை மரமும் ஒரே உயரத்தில் இல்லையென்று இடதுபக்க மரத்தைக் கொஞ்சம் நறுக்கினார். இப்போது வலதுபக்கம் உயரமாகத் தெரிந்தது. அதையும் நறுக்கினார். மாப்பிள்ளை வந்து இறங்கியபோது வாசலில் இரண்டு முளைக்குச்சிகள் நின்றன.

இப்படிப்பட்டவர் பிளாக்பெரி வளர்க்கக் கிளம்பியதுதான் வேடிக்கை. அவருடைய மனைவி மீனாட்சி அக்கா, சுற்றுலா விடுதியாகிவிட்ட பழைய துரை பங்களாவில் சுத்தம் செய்யப் போவார். வெள்ளைக்காரர்களின் தட்டில் அந்தக் கறுத்த பழத்தைப் பார்த்துவிட்டு, "அதுல ஒண்ணு வாயில போட்டுப் பாக்கணும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அக்கா ஆசையென்று வாயைத் திறந்து அண்ணன் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே விடுதித் தோட்டத்திலிருந்து வேரோடு ஒரு செடி வந்துவிட்டது.

எங்கள் லயத்தில் மூடுபனி தாராளம், வெயில்தான் பஞ்சம். நாள் முழுக்க வெயில் விழுகிற ஒரே துண்டு நிலம், கறிக்குப் பீன்ஸ் பறிக்கிற அக்காவின் போஞ்சிப் பாத்தி. போஞ்சியைப் பிடுங்கிவிட்டுச் செடியை நட்டார்கள். நல்ல வெயில், செடி முள்ளும் தானுமாக ஆள் உயரத்துக்குக் கம்பு விட்டது. விடுவாரா அண்ணன்? ஒரே வெட்டு. அடுத்த வருஷமும் கம்பு வந்தது, அடுத்த வெட்டு. அதற்கடுத்த வருஷமும் அதே கதை. பழம் மட்டும் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வெட்டினா வழிக்கு வந்துரும்" என்றார் அண்ணன்.

"இந்த வருசமும் காய்க்கலன்னா புடுங்கிப் போட்டுட்டுப் போஞ்சி நடுவேன்" என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அண்ணன் பயந்துபோனார்.

நுவரெலியா பஸ்ஸில் அந்த விடுதியின் தோட்டக்காரரைப் பார்த்தபோது கேட்டேன். சிரியோ சிரியென்று சிரித்தார். "இந்த வருசம் வளர்ற கம்புலதான் அடுத்த வருசம் காய்க்கும் டீச்சர். அதப் போய் வெட்டிப்புட்டா எங்கேருந்து காய்க்கும்? காய்ச்சு முடிஞ்ச கம்பத்தான் வெட்டணும்."

வந்து சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. அக்கா உடனே நம்பினார். கத்தியைச் சாக்கில் சுற்றி என்னிடம் ஒப்படைத்தார். "ஒரு வருசம், டீச்சர். அழுதாலும் குடுக்காதீங்க."

அண்ணன் அழத்தான் இல்லை. காலையில் நான் முகம் கழுவும் முன்னே என் வாசலில் நிற்பார். "கத்தி துருப்பிடிச்சிருக்கப் போகுது டீச்சர். சும்மா ஒருதடவ தொட்டுப் பாத்துட்டுத் தந்துர்றேன்." கம்பு கூரையை எட்டியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பாக்குவெட்டியோடு செடியருகே குந்தியிருந்தவரை அக்கா கையும் களவுமாகப் பிடித்தார்.

"நுனிய மட்டும்…"

"நுனியும் கம்புதான். உள்ள வாங்க!"

அடுத்த வருஷம் வெள்ளைப் பூ வந்தது, பச்சைக் காய் வந்தது, சிவந்தது, கறுத்தது. கொண்டைக்குருவிகளை விரட்டிக்கொண்டு அண்ணன் காவலுக்கு நின்றார். முதல் பழத்தை அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவரைப் போல நின்றார். அக்கா மென்றார். "புளிக்குது" என்றார். அண்ணன் முகம் விழுந்துவிட்டது. அக்கா உள்ளே போய் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துவந்து, செடியருகிலேயே உட்கார்ந்து ஒரு கிண்ணப் பழத்தையும் தின்றுதீர்த்தார்.

பழமெல்லாம் முடிந்தது. காய்த்த கம்பை இனி வெட்டலாமே! தோட்டக்காரரே உத்தரவு கொடுத்தாயிற்று. கத்தியை எடுத்து நீட்டினேன். அண்ணன் தீட்டினார், செடிமுன் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"என்னண்ணே, வெட்டலியா?"

"அவளுக்குப் பழம் குடுத்த கம்பு டீச்சர். அத எப்படி நான்…"

கத்தியை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்டிப் பழக்கமில்லாத நான் முதல் கம்பைப் பிடித்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாத்து டீச்சர். வலிக்காம வெட்டுங்க."

அன்றைக்கு அவர்மேல் வந்த பிரியம் எனக்கு இன்றுவரை இம்மியும் குறையவில்லை.