கோல்டு பிளக்

கல்மண்டபம் முனையில் கார் மூன்றாவது தடவையாகக் குலுங்கியபோது, பின் சீட்டிலிருந்த மஜீதுவின் தொப்பி கழன்று முன் சீட்டில் முதஸ்ஸிரின் மடியில் வந்து விழுந்தது.

"பாத்தியா மச்சான்?" என்றார் ஓட்டிக்கொண்டிருந்த கமால் பாய். "ஆக்சிலேட்டரை அமுக்கினா ஒதறுது. இத்த நம்பி கல்யாண மாப்ளய ஆம்பூர் வரிக்கும் எப்டி அனுப்பறது? நடுரோட்ல நின்னுச்சின்னா உனுக்குத்தான் அசிங்கம்."

மஜீதுவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவர் கமால் பாயின் மனைவியுடைய தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவர் மகனுக்கு ஆம்பூரில் நிக்காஹ். மாப்பிள்ளை போய் இறங்கப்போவது மச்சானின் சிவப்புக் காரில்தான் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சொல்லாமல் என்ன செய்வார்? துபாயிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஜப்பான் கார் அது. பெட்ரோல் இன்ஜின், அதில் டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு விசிறி சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றை அமுக்கும். காலை வைத்தால் பறக்கும். ஒரு வாரமாகத்தான் இந்த உதறல்.

"ஸ்பார்க் பிளக்கு போயிருக்கும் மாமா," என்றான் முதஸ்ஸிர், தொப்பியைத் திருப்பிக் கொடுத்தபடி. "நான் வேணா பாக்கட்டா?"

"உனுக்கு எதுக்கு மாப்ளே அந்த பேஜாரு? வண்டில கை வெக்காத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அன்று சாயங்காலமே இறால் வியாபார விஷயமாக நெல்லூருக்கு ரயில் ஏறிவிட்டார் கமால் பாய். ஞாயிறு காலையில்தான் திரும்புவார்.

முதஸ்ஸிர் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்டும் சோப்பும் சப்ளை செய்யும் கடையில் வேலை. மாமனார் வீட்டில் அவனை நம்பி ஒப்படைக்கப்பட்டிருந்த ஒரே காரியம், டிவியில் படம் ஆடினால் மொட்டை மாடிக்குப் போய்க் கேபிள் ஒயரை ஆட்டுவது.

"மாமா வர்றதுக்குள்ள வண்டிய சரி பண்ணி நிறுத்தறேன்," என்றான் மனைவி தஹ்சீனிடம். "அப்பறம் தெரியும், நான் யாருன்னு."

"வாப்பாதான் கை வெக்காதன்னு சொன்னாரே?"

"அது பெரிய மனசு. மருமகனுக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாதுன்னு நெனைக்கிறாரு."

டோல்கேட் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் எல்லோருக்கும் கமால் பாயைத் தெரியும். விஷயம் மாமா காதுக்குப் போய்விட்டால் அப்புறம் அதில் என்ன சுவாரசியம்? முதஸ்ஸிர் பஸ் பிடித்து, கார் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனான்.

"பிளக்கு வேணும்."

"இன்னா வண்டி?"

"காரு."

"காருன்னா?"

"செவப்பு."

கடைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெட்ரோல்தானே? இத்தப் போடு, ஓடும்," என்று நாலு பிளக்கை எடுத்துக் கொடுத்தார்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். ஓடியது. உதறல்கூடக் கொஞ்சம் குறைந்தது. தஹ்சீனையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் ஹைரோடில் ஒரு மிதி மிதித்தான். தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவதுபோல இன்ஜினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இன்னொரு மிதி மிதித்தான். சத்தம் கூடியது. சூடு காட்டும் முள் சரசரவென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, இட்லி வெச்சிகினு கீறியா? ரெண்டு பார்சல் கட்டு."

முதஸ்ஸிரின் தோஸ்து லட்சுமணன் வியாசர்பாடிக்காரன். எண்ணூரில் ஒரு ஃபாக்டரியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்பவன். வண்டி ஆறி வீடு வந்து சேர்ந்ததும், ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வந்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். அதன் நுனி வெள்ளை வெளேரென்று வெந்திருந்தது.

"இது சாதா வண்டிக்குப் போடற பிளக்கு மாமு. டர்போவுல உள்ளாற சூடு ஜாஸ்தி. இது அந்தச் சூட்டை வெளிய தள்ளாம புட்ச்சி வெச்சிக்கும். நீ கோல்டு பிளக்கு வாங்கிப் போடு. நான் கெளம்பறேன், பஸ்சு வந்துரும்."

அவன் போய்விட்டான். முதஸ்ஸிர் வீட்டுக்குள் வந்தான்.

"கோல்டு பிளக்கு வேணுமாம்," என்றான் தஹ்சீனிடம், மெதுவாக.

"இன்னாது? காருக்குத் தங்கமா?"

"ஜப்பான் வண்டி இல்லியா. அப்டித்தான் இருக்கும்."

தஹ்சீன் சாவிக்கொத்தை எடுத்தாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு வளையலை எடுத்து அவன் கையில் வைத்தாள். "வாப்பா முன்னாடி நீங்க தலை குனியக்கூடாது. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

முதஸ்ஸிருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு புதுப்பேட்டைக்குப் போனான்.

"கோல்டு பிளக்கு வேணும். பழைய நகை எடுத்துப்பீங்களா?"

கடைக்காரர் வளையலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கடையில் வேலை செய்கிற எல்லோரையும் கூப்பிட்டு அவனைக் காட்டினார். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"தம்பி, அந்தக் கோல்டு இல்ல. குளிர்ச்சி! சூட்டை சீக்கிரம் வெளிய தள்ற பிளக்கு. அதுல பல நம்பர் கீது. எவ்ளோ கோல்டு வேணும்?"

அவமானத்தில் முதஸ்ஸிருக்கு வீம்பு வந்தது. "இருக்கறதுலயே ரொம்ப கோல்டு எதுவோ, அத்தக் குடு."

"அது ரேஸ் வண்டிக்குப் போடறது..."

"குடு சொல்றேன்."

வீட்டுக்கு வந்து வளையலைத் திருப்பிக் கொடுத்தான். "தங்கம் இல்லியாம். குளிர்ச்சியா இருக்கணுமாம்," என்று பிளக்குகளை மேஜைமேல் வைத்துவிட்டு அசதியில் படுத்துத் தூங்கிப்போனான்.

எழுந்து பார்த்தால் பிளக்குகளைக் காணோம்.

"ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன்," என்றாள் தஹ்சீன் பெருமையாக. "வஞ்சிரத்துக்குக் கீழ. நல்லா கல்லு மாதிரி ஆயிருக்கும்."

பிளக்குகளின்மேல் ஐஸ் பூத்திருந்தது. மாட்டிய பிறகு அது உருகித் தண்ணீராகியது. வண்டி கிளம்ப மறுத்தது. மறுபடி கழற்றி, துடைத்து, வெயிலில் காயவைத்து, மீன் வாடையோடு மாட்டியதும் ஒருவழியாகக் கிளம்பியது. ஆனால் கல்மண்டபம் மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து போனபோது விக்கியது, இருமியது, கரும்புகையாகக் கக்கிவிட்டு மீன்கூடைகளுக்கு நடுவில் செத்துப் போனது.

இறங்கித் தள்ளினான். அசையவில்லை. மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து கை கொடுத்தார்கள்.

"ஃபாரின் வண்டின்னா, தள்றதுக்கும் ஃபாரின்லேர்ந்து ஆள் வரணும் போலக்கீதே!" என்றாள் அவர்களில் ஒருத்தி.

வீட்டுத் தெரு முனையில் மஜீது நின்றிருந்தார். கையில் கல்யாண மாலைக்கு அட்வான்ஸ் கொடுக்க எடுத்து வந்த பை.

"இன்னா மாப்ளே! ஒதறிகினு இருந்தாலும் ஓடிகினாவது இருந்துச்சே, அதையும் நிறுத்திட்டியா? நாளைக்குக் காலைல மச்சான் வந்தா இன்னா பதில் சொல்வே?"

முதஸ்ஸிர் வண்டியை வீட்டு வாசலில் தள்ளி நிறுத்தினான். கடைக்குப் போய்க் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மாடியில் ஆட்டவேண்டிய கேபிள் ஒயரை நினைத்துக்கொண்டான். இனி ஆயுளுக்கும் அதுதான்.

அப்போது கடைக்குள் ஒருவர் நுழைந்தார். துறைமுகத்தில் நின்றிருந்த ஜப்பான் கப்பலின் இன்ஜினியர். சோப்பும் துடைக்கிற பழந்துணியும் வாங்க வந்தவர்.

முதஸ்ஸிருக்குத் திடீரென்று பொறி தட்டியது. காரின் பானெட்டுக்கு அடியில், யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. அவன் அந்த மனிதரின் கையைப் பிடித்து, கார் நின்ற வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். தன்னை யாரோ கடத்துகிறார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இன்ஜினைத் தட்டிக் கொடுத்தார்.

ஸ்டிக்கரைப் படித்து, பிளக்கின் நம்பரை முதஸ்ஸிரின் உள்ளங்கையில் எழுதினார். அவன் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்து "நோ, நோ" என்று தலையாட்டினார். அவ்வளவு குளிர்ச்சி ஆகாது. கரி பிடித்துக்கொள்ளும். பிறகு பிளக்கின் நுனியில் பொறி தாவுகிற இடைவெளியைக் காட்டி, அதுவும் அதிகம் என்பதுபோல இரண்டு விரல்களை நெருக்கினார். முதஸ்ஸிர் விழித்தான். அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். "டர்போ!" என்று சொல்லி, ஊதி அணைத்தார்.

முதஸ்ஸிருக்குப் புரிந்துவிட்டது. டர்போ அமுக்குகிற காற்றில் பொறி அணைந்துவிடுகிறது. இடைவெளி குறைவாக இருந்தால்தான் நிற்கும். அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சோப்போடு சமோசாவும் கட்டிக் கொடுத்து அனுப்பினான்.

அந்த நம்பர் பிளக்கை வாங்கி வந்தான். ஷிஃப்டு முடிந்து வந்த லட்சுமணன், இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு ஒன்றை நுழைத்து அதன் கனத்துக்கே இடைவெளியைச் சரி செய்தான். மாட்டினார்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள் வாசலில் நின்ற தஹ்சீன்.

"பண்ணியாச்சு," என்றான் முதஸ்ஸிர்.

எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். உதறல் இல்லை, ஜல்லி இல்லை, புகை இல்லை. வழியில் ஒரு லாரியை முந்தியபோது லட்சுமணன், "மெதுவா போ மாமு, எனுக்குப் பொண்டாட்டி புள்ள கீது," என்று கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிறு காலை. கமால் பாய் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது தெருவே கூடியிருந்தது. சிவப்புக் கார் ரோஜா மாலைகளோடு உறுமிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் மாப்பிள்ளையும் அவன் மடிமேல் நாலைந்து பொடிசுகளும். மூடாத டிக்கியில் ஒரு பெரிய பிரியாணி தேக்சா, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஸ்டியரிங்கில் மஜீது.

"மச்சான்! உன் மருமகன் தங்கம்!" என்று கத்தினார் மஜீது. "ஆம்பூர் முடிச்சி, அப்டியே நாகூரு, ஏற்காடு எல்லாம் சுத்திட்டு வரோம். பத்து நாள்ல வண்டி வந்துரும்!"

கியர் கர்ரென்று அலற, ஒரு சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறி இறங்க, கார் பறந்தது. தேக்சா மூடி உருண்டு தெருவில் விழுந்தது.

கமால் பாய் கையை மட்டும் மெதுவாக ஆட்டினார். அவர் உதடு துடித்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது.

"நீயா மாப்ளே சரி பண்ணே?"

"ஆமா மாமா."

"யாரும் சொல்லாம, நீயாவா?"

"நானேதான் மாமா."

கமால் பாய் அவன் தோளைப் பற்றிக்கொண்டார். ஒரு வருடமாகக் காத்திருந்த பிடி அது என்று முதஸ்ஸிர் நெஞ்சை நிமிர்த்தினான். வாசலில் தஹ்சீன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வழியனுப்ப வந்திருந்தவர்களில் டோல்கேட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் மனோகரனும் ஒருவர். கார் மறைந்த திசையையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமால் பாயிடம் வந்தார்.

"இன்னா பாய் இது! மச்சானுக்கு வண்டி குடுக்காம தப்பிக்கணும், டர்போவுக்கு ஒத்தே வராத பிளக்கா பாத்துக் குடுன்னு போன வாரம் என்கிட்ட கேட்டு வாங்கினு போனியே, அத்த மாட்டியுமா இந்த ஓட்டம் ஓடுது?"